பேசக்கூடாத பத்து நாள்

கவாலா
1979 ஜூலை 1, ஞாயிறு

அக்கா,

இது சமாதானக் கடிதம் இல்லை. ஈஸ்டர் விருந்தில் நீ என்னைச் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் உன்னைச் சொன்னதை நீயும் மறந்திருக்க மாட்டாய். இரண்டரை மாதம் எழுதாமல் இருந்தவள் இப்போது எழுதுவதற்குக் காரணம், யாரிடமாவது கத்தியாக வேண்டும். வாயால் கத்த முடியாது.

வியாழக்கிழமை எனக்கு டான்சிலை எடுத்துவிட்டார்கள். முப்பத்து நான்கு வயதில்! குளிர்காலம் முழுக்க ஐந்து தடவை காய்ச்சலில் விழுந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் பாதி எழுத்துகளை மாற்று டீச்சரிடம்தான் கற்றார்கள். பள்ளிக்கூடம் மூடியதும் டாக்டரிடம் போனேன். "சின்னப் பசங்களுக்கு நாலு நாள்ல ஆறிடும். உங்களுக்கு ரெண்டு வாரம் ஆகும். முதல் பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, டீச்சர். பசங்களைத் திட்டறதுக்கும் சேர்த்துதான் சொல்றேன்" என்றார்.

நேற்று வீட்டுக்கு வந்தேன். எச்சில் விழுங்கினால் தொண்டையில் வலிப்பதை விடக் காதில்தான் அதிகம் வலிக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் உள்நாக்கு வீங்கிப்போய், இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கிறது. என் வாய் நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அப்பா ஐஸ்கிரீம் வாங்கி வாங்கித் தருகிறார். முதல் கிண்ணம் சொர்க்கமாக இருந்தது. ஆறாவது கிண்ணத்தைப் பார்த்தபோது அழுகை வந்தது.

இதெல்லாம் பரவாயில்லை. இன்று காலை கண் விழித்தால் சமையலறையில் பாத்திரச் சத்தம். அப்பாவுக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாதே என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மாவின் அடுப்புக்கு முன்னால் அவள் நிற்கிறாள். பொலிக்செனி. திறந்தவெளிக் கோடைத் திரையரங்கில் டிக்கெட் கொடுப்பவள். உன் செல்ல அப்பா ஐம்பத்தாறு வயதுக்காரியைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஈஸ்டர் ஆட்டுக்கறிக்கு நடுவில் அறிவித்தாரே, அவளேதான்.

"வந்தியா கண்ணு? உட்காரு. சூப்ல எலுமிச்சை பிழியலை, பயப்படாதே" என்றாள்.

வெளியே போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

உனக்குத் திருப்திதானே? "அப்பாவும் மனுஷன்தானேடி" என்று சொன்னவள் நீ. கொசானியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறவளுக்கு இந்த வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அன்றைக்கு நான் கேட்டதை இன்றைக்கும் கேட்கிறேன்.

எவாந்தியா


கொசானி
1979 ஜூலை 3

எவாந்தியா,

கடிதம் கிடைத்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் மட்டும் பதில் எழுதுகிறேன்.

வலிக்கிறதென்று ஆஸ்பிரின் போடாதே, ரத்தம் கசியும். தண்ணீர் நிறையக் குடி. விழுங்க வலிக்கிறதென்று குடிக்காமல் இருந்தால் இன்னும் வலிக்கும். ஐந்தாம் நாளிலிருந்து பொருக்கு உதிரும். அப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். சிவப்பாக ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடாதே.

ஆபரேஷன் என்று முன்னாலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். உனக்கு அக்கா இருக்கிறாள் என்பது தெருவில் பால்காரனுக்குக்கூட ஞாபகம் இருக்கும்.

உன் அத்தான் ஸ்தெர்யோஸும் பிள்ளைகளும் நலம்.

அரெத்தி


கவாலா
1979 ஜூலை 5

அக்கா,

உன் மருந்துச் சீட்டு கிடைத்தது. நன்றி. பால்காரனுக்கு ஞாபகம் இருக்கிறதாம், விசாரித்தேன். விசாரித்தேன் என்றால், ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

இந்த வீட்டில் இப்போது எல்லாம் தாளில்தான். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டு ஒன்றை மடியிலேயே வைத்திருக்கிறேன். அந்த நோட்டால் செவ்வாய்க்கிழமை நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் அது தொண்டையை விட அதிகமாக உறுத்துகிறது.

அன்றைக்கு வலி உச்சத்தில் இருந்தது. அப்பா கட்டிலருகே உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அவள் ரவைக் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தாள். நான் நோட்டில் பெரிய எழுத்தில், "இந்தப் பொம்பளையை வெளியே அனுப்பு. அம்மாவின் கரண்டியை இவள் தொடக்கூடாது" என்று எழுதி அப்பாவிடம் நீட்டினேன். அவருக்குக் கண்ணாடி கையில் இல்லை. நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டார்.

"பாப்பா என்னமோ கேக்கறா. என்னன்னு படி, பொலிக்செனி."

பிடுங்கலாம் என்றால் கை எட்டவில்லை. அவள் படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கண் மறுபடி மேலே போயிற்று. முகம் மாறவேயில்லை.

"தண்ணி வேணுமாம்" என்றாள். "ஐஸ் போடாம, வெறும் தண்ணி."

நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டுப் போய், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்தேன். வேறு என்ன செய்வது? முழு டம்ளரும் குடித்தேன்.

அதற்குப் பிறகும் அவள் வருகிறாள். காலை ஒன்பதுக்கு வந்து, திரையரங்கு திறக்கும் நேரத்துக்குப் போகிறாள். கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவள். இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கூண்டுக்குள்ளிருந்து வரிசையைப் பார்த்துப் பேசிய பழக்கம். ஆனால் வேண்டாத கேள்வி கேட்பதில்லை. நேற்று எனக்குத் தூக்கம் வரட்டும் என்று ஒரு படக்கதை சொன்னாள். கதை எப்படி ஆரம்பித்தது தெரியுமா? "அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுவான். அவ திறக்கமாட்டா."

யார் அவன், எங்கே போயிருந்தான் என்று எழுதிக் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? இடைவேளை வரைக்கும் கூண்டுல இருக்கணுமே. நான் பார்த்ததெல்லாம் பின்பாதிதான். எத்தனையோ படம் பார்த்தாச்சு, ஒண்ணுக்கும் தலை தெரியாது எனக்கு" என்று சிரித்தாள்.

அந்தப் படத்தை நான் தெசலோனிக்கியில் படிக்கும்போது பார்த்திருக்கிறேன், அக்கா. கப்பலில் வேலைக்குப் போகிறவன், தம்பியின் திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறான், மனைவியிடம் சொல்லவில்லை. முன்பாதியை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் நின்று படித்தாள். படித்து முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "அடப்பாவி, இதுக்காகத்தான் வாயைத் திறக்காம நின்னானா? நான் பதினோரு வருஷமா அவனைத் திட்டிக்கிட்டிருந்தேனே!" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் எவ்வளவு வலிக்கும் என்று உனக்குத் தெரியாது.

இதனால் நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. கல்யாணம் வேறு, கஞ்சி வேறு.

எவா


கொசானி
1979 ஜூலை 5, பிற்பகல்

எவா,

உன் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி எழுதுகிறேன். போன கடிதத்தைப் பெட்டியில் போட்டதிலிருந்து மனம் சரியில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா கேட்டுக்கொண்ட ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

மே மாதம் பொலிக்செனி எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். முகவரியை அப்பாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். கடிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: "உங்க தங்கச்சி இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவங்க இருக்கற வீடு அது. பெத்த பொண்ணு முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கற வீட்டுக்குள்ள நான் வர விரும்பலை. உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். அவர் வருத்தப்படறாரு. நீங்க அப்பப்ப அவருக்குக் கடுதாசி போடுங்க."

அவ்வளவுதான். அந்தக் கல்யாணம் மே மாதமே நின்றுபோயிற்று, எவா. நீ ஜெயித்துவிட்டாய். அப்பா உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் கேட்டேன். "சொன்னா அவளுக்கு உறுத்தும். ஏற்கெனவே தொண்டை சரியில்லாத பொண்ணு" என்று எழுதினார்.

இப்போது அவள் உன் வீட்டில் நிற்பது கல்யாணக் கனவோடு இல்லை. அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது, உனக்கு வயிறு காயக்கூடாது, அவ்வளவுதான். நீ தேறியதும் போய்விடுவாள்.

சொல்லிவிட்டேன். என்மேல் கோபப்படுவதானால் படு. பழகிப்போயிற்று.

அரெத்தி


கவாலா
1979 ஜூலை 11

அன்புள்ள அக்கா,

முதலில், நான் நன்றாக இருக்கிறேன். உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பயப்படாமல் படி.

உன் கடிதம் சனிக்கிழமை மாலை வந்தது. அன்றிரவு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மறுநாள் ஞாயிறு, கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கோயிலுக்குக் கிளம்ப முகம் மழித்துக்கொண்டிருந்தார். பத்தாவது நாள்தானே, நோட்டு எதற்கு என்று குளியலறை வாசலில் போய் நின்றேன்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலை?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாயில் வெந்த உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. அவர் கத்தியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். "என்னத்தை?" என்றார். "மே மாசம் நடந்ததை!" என்று கத்தினேன், அக்கா. நிஜமாகவே கத்தினேன்.

தொண்டைக்குள் என்னவோ கழன்றது. வாயில் வெதுவெதுப்பாக உப்புக் கரித்தது. துடைத்துப் பார்த்தால் கை முழுக்க ரத்தம்.

அப்பா ஒரு கன்னத்தில் நுரையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சரியாக அந்த நேரத்தில்தான் பொலிக்செனி சூப் தூக்கோடு உள்ளே வந்தாள். தூக்கைத் தரையில் வைத்தாள். என்னை நாற்காலியில் உட்கார்த்தி, தலையைப் பிடித்து முன்னால் குனிய வைத்தாள்.

"விழுங்காதே. ஒரு சொட்டுகூட விழுங்காதே. துப்பு. இந்தக் கிண்ணத்துல துப்பு. திரசிவுலோஸ்! நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? ஐஸ் கொண்டா!" என்று கடைசியில் அப்பாவை அதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமையில் டாக்சி எங்கே கிடைக்கும்? ரொட்டிக்கடை வண்டி கீழே நின்றது. அவள் மாடியிலிருந்து போட்ட சத்தத்தில் வண்டிக்காரன் ரொட்டித் தட்டைக்கூட மூடாமல் கதவைத் திறந்துவிட்டான். முன்னால் அவனைத் தவிர இரண்டு பேருக்குத்தான் இடம். நானும் அவளும் ஏறினோம். அப்பா பின்னாலேயே நடந்து வந்தார், பாதி மழித்த முகத்தோடு.

வழியெல்லாம் அவள் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு படத்தின் பின்பாதியைச் சொல்லிக்கொண்டே வந்தாள். என்ன படம் என்று ஞாபகமில்லை. நடுநடுவே கதையை நிறுத்தி, இன்னும் வேகமாகப் போ என்று வண்டிக்காரனை விரட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மேசைக்குப் பின்னால் ஒரு நர்ஸ். "கூட வந்தது யாரு? என்ன உறவு?"

பொலிக்செனி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "பக்கத்து வீடு" என்றாள்.

பொய். அவள் வீடு மேட்டில், கோட்டைப் பக்கம் இருக்கிறது.

"சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள வரலாம். நீங்க வெளியே உட்காருங்க."

டிக்கெட் இல்லாமல் உள்ளே நுழைகிற முரட்டு ஆட்களைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே விடுகிறவள், என் நெற்றியிலிருந்து கையை எடுத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் போய் நின்றாள்.

என் வாய்க்குக் கீழே கிண்ணம். பேச முடியாது. நர்ஸ் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். மேசையிலிருந்த படிவத்தில், உறவு என்று எழுதியிருந்த கட்டத்தில் "அப்பாவின் மனைவி" என்று எழுதினேன். தாளில் ஒரு சொட்டு ரத்தமும் விழுந்தது.

நர்ஸ் அதைச் சத்தமாகப் படித்தாள். "அப்பாவோட மனைவின்னுல்ல எழுதியிருக்காங்க? அப்புறம் ஏன் பக்கத்து வீடுங்கறீங்க? வாங்க, வாங்க, கிண்ணத்தைப் பிடிங்க."

பொலிக்செனி அந்த இரண்டு அடியையும் கடந்து வந்து கிண்ணத்தைப் பிடித்தாள்.

டாக்டர் மரத்துப்போக மருந்து அடித்து, ரத்தம் வந்த இடத்தைச் சுட்டு அடைத்தார். பத்து நிமிஷம்தான். "கத்தினதாலயா?" என்று எழுதிக் கேட்டேன். "எப்படியும் உதிர வேண்டிய பொருக்குதான். ஆனா கத்தறது நல்லதில்லை. இன்னும் நாலு நாள் வாயை மூடுங்க, டீச்சர்" என்றார்.

மிச்சத்தை அந்த நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருபது நிமிஷம் கழித்து அப்பா மூச்சிரைக்க வந்திருக்கிறார். காய்ந்த சோப்பு நுரை இன்னும் கன்னத்தில். நர்ஸ் அவரைச் சமாதானப்படுத்தி, "பயப்படாதீங்க, உங்க மனைவி உள்ளதான் கூட இருக்காங்க" என்றிருக்கிறாள். அப்பா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என் மனைவி செத்து ஆறு வருஷம் ஆச்சேம்மா" என்றாராம். அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு அடி பின்னால் போய்விட்டாளாம். பிறகு தாளை எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

கண்ணாடி இல்லாமல் அதை அவர் எப்படிப் படித்தார் என்று தெரியவில்லை. ஆனால் படித்துவிட்டார். நான் வெளியே வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நுரையைத் துடைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உன் தங்கை
எவா


கவாலா
1979 ஜூலை 19

அக்கா,

"உயிரோடிருக்கிறாயா" என்று நீ அடித்த தந்தியைக் கொண்டுவந்தவன் என்னைப் பார்த்து, "பதில் உண்டா?" என்று கேட்டான். "உண்டு, இருக்கிறேன்" என்றேன். வாயால் சொன்னேன்! குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. வாய் பழையபடி ஆகிவிட்டது, நேற்று தக்காளிச் சாலட்கூடச் சாப்பிட்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாளிலிருந்து பொலிக்செனி வரவில்லை. சூப் மட்டும் கீழே பெட்டிக்கடைக்காரர் கையில் வந்தது. அப்பா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். போய்க் கூப்பிடுங்களேன் என்றால், "நான் கூப்பிட்டா வரமாட்டா. வரமாட்டேன்னு மே மாசமே சொல்லிட்டாளே" என்றார். ஆஸ்பத்திரியில் நான் எழுதியதை அவசரத்துக்கு எழுதியதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நானே போனேன். படுக்கையிலிருந்து எழுந்து முதல் வெளிநடை அதுதான். கோட்டைப் படிகளில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன். வழியெல்லாம் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். மன்னிப்பு, நன்றி, அம்மாவின் ஞாபகம், எல்லாம் வரிசையாக. கதவைத் தட்டினேன். தலை முழுக்க முடி சுருட்டும் குச்சிகளோடு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திறந்தாள்.

மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை.

"எங்கப்பா சாப்பிடும்போது பேப்பர் படிப்பாரு" என்றேன்.

அவள் விழித்தாள்.

"ஜன்னலைத் திறந்தா மூடுவாரு, மூடினா திறப்பாரு. கோபம் வந்தா மூணு நாள் பேசமாட்டாரு. புகையிலைக் கிடங்கு ஸ்டிரைக் கதையை வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்லுவாரு. இதெல்லாம் தெரிஞ்சுதான் வர்றீங்களா?"

"மூணு நாளா?" என்றாள் அவள். "எங்கிட்ட ஒரு மணி நேரம்கூடத் தாங்கமாட்டாரு." அப்புறம் அவள் முகம் கோணியது. "வர்றேன்னு நான் எங்கேடி சொன்னேன்?"

"சொல்லலை. அதனாலதான் கேக்க வந்திருக்கேன்."

தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். "உங்க அம்மா கரண்டியை நான் தொடமாட்டேன்" என்றாள், மெதுவாக.

எனக்குக் காது மடல்வரை சூடேறியது. "தொடணும். நான் சமைச்சா அப்பாவுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அன்னிக்கு நான் எழுதினது தப்பு. ரொம்பப் பெரிய தப்பு."

"அன்னிக்கு நீ எழுதினது 'தண்ணி வேணும்'தான்" என்றாள். "எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும். உள்ள வா, வெயில்ல நிக்காதே."

காப்பியை ஆறவைத்துக் கொடுத்தாள். மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரம் சேர்த்துவைத்த பேச்சு முழுக்க அவள் தலையில் கொட்டினேன். உன்னைப் பற்றியும் நிறையச் சொன்னேன், எல்லாம் நல்லதாக இல்லை. கடைசியில் அவளே காதைப் பொத்திக்கொண்டு, "போதும்டி, தொண்டை புண்ணாயிடும். உங்கப்பாகிட்டயும் கொஞ்சம் மிச்சம் வை" என்றாள்.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: திரையரங்கு வேலையை விடமாட்டாளாம். அப்பா அதற்கும் ஒத்துக்கொண்டார். கோயிலில் கல்யாணம் நடத்தாத ஆகஸ்ட் விரதம் முடிந்த பிறகு, பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மணமக்கள் தலையில் மணமுடியை மாற்றிவைக்கிற தோழியாக நான் நிற்க வேண்டும் என்று அப்பா கேட்டார். சரி என்றேன். உனக்கு அந்த இடம் வேண்டுமென்றால் இப்போதே எழுது, சண்டையை நேரில் வைத்துக்கொள்ளாதே.

எவா


கொசானி
1979 ஜூலை 23

எவா கண்ணு,

தோழி இடத்தை நீயே வைத்துக்கொள். நான் அப்பா பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். விழுந்துவிடப் போகிறார்.

உன் இரண்டு கடிதங்களையும் ஸ்தெர்யோஸுக்குப் படித்துக் காட்டினேன். சோப்பு நுரை வந்த இடத்தில் அவர் சிரித்தார், நான் அழுதேன். கோட்டைப் படி வந்த இடத்தில் இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டோம்.

ஒன்று சொல்கிறேன். ஈஸ்டரன்று அப்பாவும் மனுஷன்தானே என்று நான் பெரிய மனசோடு பேசினேன். அம்மாவின் அடுப்பில் இன்னொருத்தி நிற்பதைத் தினமும் பார்க்கப் போவது நீ, நான் இல்லை. நீ அன்றைக்குக் கேட்டது நியாயம்தான். மருந்துக்கடையில் நின்றுகொண்டு அதை எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா? எழுதத்தான் கை வரவில்லை. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். கேட்காதே. கேட்டால் நானும் கேட்க வேண்டிவரும், பஸ் நேரம் அதிலேயே போய்விடும்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன், பிள்ளைகளோடு. மாலை நான்கரை மணிக்குப் பஸ் வரும். அப்பாவை அனுப்பாதே, நீயே வந்து நில்.

இறங்கியதும் என்னை நன்றாகத் திட்டு. உன் குரல் மாறியிருக்கிறதா என்று எனக்கு அதில்தான் தெரியும்.

உன் அக்கா
அரெத்தி